பழைய வயரிங்கும் நமது பொறுப்பும்

(மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரி ஒருவர்)



சரக்கு விலை, வரி விவகாரம், லாரி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இவை பற்றியெல்லாம் நமது இதழில் பலரும் எழுதி வருகிறார்கள். நானும் அவற்றைத்தான் முதலில் படிக்கிறேன். இந்த முறை நான் எழுத வந்தது நம் தலைக்கு மேலே சுவரோடு சுவராக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மின்கம்பிகளைப் பற்றி. நான் எலக்ட்ரீஷியன் அல்ல, பள்ளிக்கூடப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவன். ஆனாலும் பட்ட அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மாலை, எங்கள் கிட்டங்கியில் வத்தல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. லோடுமேன் ஒருவர், "முதலாளி, ரப்பர் கருகுற வாடை வருது" என்றார். மிளகாய் நெடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விடவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஏணி போட்டுப் பார்த்தோம். மாடிக்குக் கரண்ட் போகும் மரப்பட்டியின் மூடி பழுப்பேறிப் போய், கை வைத்தால் சுட்டது. மூடியைக் கழற்றியதும் வயர் மேல் இருந்த ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கு இரண்டடி கீழே காலிச் சாக்குக் கட்டுகள் அடுக்கியிருந்தன. மாடியில் என் பேத்தி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதுவும் கிட்டங்கி வழியாகத்தான்.

இதில் என் தவறையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோடையில் மாடியில் ஏ.சி. வைத்தோம். அன்றிலிருந்து ப்யூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. "தடிமனா ஒரு கம்பியைக் கட்டி விடுடா" என்று கடைப் பையனிடம் சொன்னவன் நான்தான். அதன்பின் ப்யூஸ் போகவில்லை. எனக்கும் நிம்மதி. மறுநாள் வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் சொன்னார்: "அண்ணாச்சி, ப்யூஸ் போனது உங்களைக் காப்பாத்தத்தான். நீங்க அதோட கையைக் கட்டிப் போட்டுட்டீங்க. அது போகாததால வயரு எரிய ஆரம்பிச்சிருச்சு." பத்து வருஷமாக என் மகன் "வயரிங்கை மாத்துவோம்ப்பா" என்று சொல்லி வந்ததும், நான் "அடுத்த சீசன் பார்க்கலாம்" என்று தள்ளி வந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது.

என் வீட்டுக் கதை நம் வீதிகளில் பல வீடுகளின் கதைதான். மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் கீழே கடை, பின்னால் கிட்டங்கி, மேலே குடியிருப்பு என்று கட்டிய கட்டடங்கள் எத்தனையோ உண்டு. ஒருவர் சுவர்தான் அடுத்தவருக்கும் சுவர். ஒரு வீட்டில் பற்றினால் அது அந்த வீட்டோடு நிற்காது.

அன்றைய வயரிங், இன்றைய லோடு

எங்கள் வீட்டுக்கு என் தகப்பனார் காலத்தில், 1950-களில் கரண்ட் எடுத்தார்கள். தேக்குப் பட்டியில் இரண்டு பள்ளம் எடுத்து, ரப்பர் உறை போட்ட வயரை அதில் வைத்து, மேலே மூடி அடித்த வேலை. பார்வைக்கு இன்றைக்கும் அழகுதான். அன்று வீட்டில் ஆறு பல்பு, இரண்டு காற்றாடி, ஒரு ரேடியோ. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் சுமார் 500 வாட். 230 வோல்ட் கணக்கில் இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல்.

இன்று காலை ஏழு மணிக்கு அதே வீட்டில் என்ன ஓடுகிறது? குளியலறை ஹீட்டர் 2,000 வாட், இண்டக்ஷன் அடுப்பு 1,800 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். இந்த மூன்று மட்டும் 4,800 வாட். ஏறக்குறைய 21 ஆம்பியர். மிக்ஸி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், ஏ.சி. தனி. கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நாலு மடங்காகும்; பத்து மடங்கானால் நூறு மடங்காகும். ஆக, என் தகப்பனார் போட்ட அதே மெயின் வயரில் இன்று தொண்ணூறு மடங்குக்கு மேல் சூடு. ஒற்றை மாட்டு வண்டியில் லாரி லோடு ஏற்றினால் அச்சு முறியும் என்று நமக்குத் தெரியும். வயர் முறியாது, எரியும். அதுதான் வித்தியாசம்.

1978-ல் பின்கட்டை எடுத்துக் கட்டியபோது அலுமினிய வயர் போட்டோம். செம்பு விலைக்கு அது கட்டுப்படியானது; அன்றைக்கு ஊரெல்லாம் அதுதான். அலுமினியம் திருகாணிக்கு அடியில் நாளடைவில் தளர்ந்துவிடும். மேலே களிம்பு படியும். செம்பு வயரோடு முறுக்கி இணைத்த இடத்தில் அரிப்பு எடுக்கும். தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும். ஸ்விட்ச் போர்டில் "சிர்ர்" என்று சத்தம் கேட்டாலோ, பிளக் பாயிண்ட் மூடி மஞ்சளித்துப் போயிருந்தாலோ அங்கே இதுதான் நடக்கிறது என்று அறிக.

தளர்ந்த இணைப்பு என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். டெல்லி உபஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் மாண்டார்கள். கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில் சரியாகப் பிடிக்கப்படாத ஒரு கேபிள் முனையில்தான் அது தொடங்கியது. நம் ஊரில் 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபத்துப் பக்கம் கடைகளில் தீப்பிடித்ததை நாம் எல்லோரும் அறிவோம். அது எப்படிப் பிடித்தது என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. கடைச் சரக்கு எரிந்தால் கல் தூணும் கல் கூரையும் கூடத் தாங்காது என்பதைக் கண்ணால் பார்த்தோம். நம் கடைகளில் இருப்பது மரச்சட்டமும் மச்சுப் பலகையும்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறைகள்

முதலாவது எர்த். பல பழைய வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது. இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட்தான். எர்த் இருக்கும் வீடுகளிலும் அதைக் குழாய்த் தண்ணீர் இரும்புப் பைப்பில் சுற்றி விட்டிருப்பார்கள். அன்று அது வேலை செய்தது. பிற்பாடு இரும்புப் பைப்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பைப் பதித்தோம். அன்றோடு எர்த்தும் போயிற்று, யாரும் கவனிக்கவில்லை. கிரைண்டரிலோ வாஷிங் மெஷினிலோ கசிவு ஏற்பட்டால் அந்தக் கரண்ட் பூமிக்குப் போக வழி தேடும். ஈரக் கையோடு தொடுகிறவர்தான் அந்த வழி. எங்கள் வீட்டில் புதிதாக எர்த் குழி எடுத்துச் சோதித்தபோதுதான், இத்தனை வருஷமாக எர்த் இல்லாமலே வாழ்ந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

இரண்டாவது நியூட்ரல் ப்யூஸ். பழைய மெயின் போர்டுகளில் இரண்டு பீங்கான் ப்யூஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரல் ப்யூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும்; ஆனால் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். "கரண்ட் இல்லை" என்று நம்பிக் கை வைத்தவர் கதி என்னவாகும்? நியூட்ரலில் ப்யூஸ் வைக்கக் கூடாது என்று 1956-ம் ஆண்டு மின்சார விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நம் வீதியில் அந்த ஜோடிப் ப்யூஸ்கள் இன்றைக்கும் தொங்குகின்றன.

கணக்குப்பிள்ளையை நீக்கலாமா?

இப்போது பலரும், "எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டுவிட்டோம், பயமில்லை" என்கிறார்கள். எம்.சி.பி. நல்லதுதான். லோடு மிஞ்சினாலும் ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் அது விழும். ஆனால் மனிதனுக்கு ஷாக் அடித்தால் அது விழாது. ஏனென்றால் உயிரைப் பறிக்க ஆம்பியரில் நூறில் சில பங்கு கரண்ட் போதும், எம்.சி.பி. பல ஆம்பியர் கணக்கில் இயங்குவது. ஷாக்கில் இருந்து காப்பது ஆர்.சி.சி.பி. என்ற சாதனம். அதன் வேலை நமக்கு எளிதில் புரியக்கூடியது. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும். பேரேட்டில் பற்றும் வரவும் நேராக வேண்டும் அல்லவா, அதைப் போல. 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால் போதும். எங்கோ கசிகிறது என்று கண நேரத்தில் மெயினைத் துண்டித்துவிடும்.

பழைய வயரிங்கில் இதைப் பொருத்தினால் அடிக்கடி விழும். "தொல்லை தாங்கவில்லை, எடுத்துவிட்டேன்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். கல்லாவில் பணம் குறைகிறது என்று கணக்குப்பிள்ளை சொன்னால், பணம் எங்கே போகிறது என்று பார்ப்போமா, கணக்குப்பிள்ளையை நீக்குவோமா? அது விழுகிறதென்றால் வயரில் கசிவு இருக்கிறது என்று பொருள். மெக்கர் என்ற கருவியால் லைன் லைனாகச் சோதித்தால் எந்த லைன் கெட்டது என்று தெரிந்துவிடும். 500 வோல்ட் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. எங்கள் வீட்டு மரப்பட்டி லைனில் முள் எழும்பவே இல்லை.

நாம் சொல்லும் சாக்குகள்

"இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்பது முதல் சாக்கு. நானும் அதைத்தான் சொன்னேன். இத்தனை வருஷம் அந்த வயரில் இந்த லோடு ஓடவில்லை என்பதே அதற்குப் பதில்.

"சுவரை இடிக்க வேண்டுமே" என்பது இரண்டாவது. சுண்ணாம்புச் சுவரைக் கொத்த வேண்டிய அவசியமே இல்லை. சுவருக்கு மேலேயே பி.வி.சி. பட்டியோ பைப்போ ஓட்டலாம். எங்கள் வீட்டில் ஒரு செங்கல்லும் பெயர்க்கவில்லை.

"கடையை மூட வேண்டுமே" என்பது மூன்றாவது. ஆடி மாதம் வியாபாரம் எப்படியும் மந்தம். கடைப் பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு இரவுகளுமாக முடித்துக்கொடுத்தார்கள். மாடிக்கு எட்டு நாள் ஆயிற்று.

"செலவு" என்பது நான்காவது. எங்களுக்குக் கடை, கிட்டங்கி, மாடி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆயிற்று. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கிட்டங்கியில் இருந்த சரக்கின் மதிப்பு அதைப் போல் பல மடங்கு. மாடியில் இருந்தவர்களுக்கு விலையே கிடையாது.

ஒரே மூச்சில் செய்ய முடியாதவர்கள் தவணையாகச் செய்யலாம். முதலில் எர்த் குழி. அடுத்து மெயின் போர்டில் பீங்கான் ப்யூஸ்களை எடுத்துவிட்டு எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும். மூன்றாவதாக ஹீட்டர், ஏ.சி., சமையலறை இவற்றுக்குப் போர்டில் இருந்து நேராகத் தனித்தனி லைன். விளக்கு, காற்றாடி லைன்களைக் கடைசியில் மாற்றலாம். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 என்று எங்களுக்குச் செம்பு வயர் போட்டார்கள். லோடு கூடினால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதித்த லோடையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

யார் செலவு?

நம் வீதியில் பாதிப் பேருக்கு மேல் வாடகைக் கடைக்காரர்கள்தான் என்று நினைக்கிறேன். கட்டட உரிமையாளர், "வாடகை வருவது இவ்வளவு, நான் ஏன் செலவு செய்ய வேண்டும்" என்கிறார். கடைக்காரர், "நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் வயரைப் பிடுங்கிக்கொண்டா போவேன்" என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருவரும் பேசி முடிப்பதற்குள் வயர் பேசிவிடும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, உள்ளும் புறமும் உள்ள வயரிங் பராமரிப்பு உரிமையாளரைச் சேர்ந்தது. ஸ்விட்ச், சாக்கெட் போன்ற சில்லறைப் பழுது வாடகைதாரரைச் சேர்ந்தது. சட்டம் அப்படி இருந்தாலும் கோர்ட்டுக்குப் போய்த்தான் வயர் மாற்ற வேண்டும் என்பதில்லை. கடைக்காரர் செலவு செய்து, மாதா மாத வாடகையில் கழித்துக்கொள்வதாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டால் தீர்ந்தது. எங்கள் பக்கத்துக் கடைக்காரர் இப்படித்தான் செய்துகொண்டார். உரிமையாளருக்குக் கட்டடம் பத்திரம், இவருக்குச் சரக்கு பத்திரம்.

இனிப்பாக இல்லாத இரண்டு வார்த்தை

நம்மவர்களிடமே சொல்ல வேண்டியவை இவை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாடி வீட்டு மீட்டரில் இருந்து கீழே கடைக்கு வயர் இழுத்து ஓட்டுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வீட்டு இணைப்புக்கு 2016 முதல் 100 யூனிட் இலவசம் வந்த பிறகு இந்த ஆசை கூடியிருக்கிறது. பிடிபட்டால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம் கணக்கிடுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, வீட்டுக்கென்று போட்ட வயரில் கடை லோடும் ஏறுவது. நாலு ரூபாய் மிச்சத்துக்கு நாற்பது வருஷச் சம்பாத்தியத்தைப் பணயம் வைக்கலாமா?

அடுத்தது எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு. வயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற தரக்கட்டுப்பாட்டு ஆணை 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் 90 மீட்டர் காயில் 80 மீட்டர் இருப்பதும், 1.5 என்று அச்சடித்த வயருக்குள் செம்பு மெலிந்து கிடப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. மளிகையில் கலப்படம் செய்தால் எங்களைத் திட்டுகிறீர்கள். வயரில் கலப்படம் வீட்டையே கொளுத்திவிடும். "விலை குறைச்சலாக் கேட்டா அதைத்தானே கொடுக்க முடியும்" என்று சொல்லாதீர்கள். வாங்க வருகிறவர்களும் முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று காட்டிவிடுகிறது. எனக்கு என் பேத்திதான் பார்த்துச் சொன்னாள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்துவிடவும் வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்கென்று தனிப் பாலிசி வந்திருக்கிறது. அதை அவசியம் எடுங்கள். ஆனால் அது சரக்குக்குப் பணம் தரும். வாடிக்கையையும், கடன் வாங்கியவர்களின் சிட்டையையும், வீட்டில் உள்ளவர்களையும் எந்தப் பாலிசியும் திருப்பித் தராது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தனித்தனியாக ஒவ்வொருவரும் செய்வதைவிடச் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், வேலையும் நடக்கும். எனவே நமது சங்க நிர்வாகிகள் கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதாக, அரசு லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்ததாரர்கள், வயர்மேன்கள் பட்டியல் ஒன்றைத் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரு மெக்கர் கருவியைச் சங்கச் செலவில் வாங்கி, தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு வீதி வீதியாக உறுப்பினர் கடைகளையும் வீடுகளையும் சோதிக்க வேண்டும். சோதித்து, எந்த லைன் கெட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மூன்றாவதாக, வயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்குத் தர வேண்டும். மொத்தக் கொள்முதலின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான்காவதாக, சிறு கடைக்காரர்களுக்குச் சங்க நிதியில் இருந்து இதற்கென வட்டியில்லாக் கடன் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு தவணையில் திரும்பப் பெறலாம். அந்த நிதிக்கு என் பங்காக ஒரு தொகை தர நான் தயாராக இருக்கிறேன்.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

அதுவரை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இன்றிரவு கடை அடைக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். மெயின் போர்டுக்குக் கீழேயும் வயர் ஓடும் சுவரோரத்திலும் அடுக்கியிருக்கும் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின்களை இரண்டு முழம் தள்ளி வையுங்கள். ப்யூஸில் தடித்த கம்பி கட்டியிருந்தால் எலக்ட்ரீஷியனை வரவழைத்து நாளைக்கே சரியான கம்பி போடச் சொல்லுங்கள். அப்புறம் ப்யூஸ் போனால் எரிச்சல்படாதீர்கள். அது உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறது.

எனக்கு ஒரு லோடுமேனின் மூக்கு துணை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வத்தல் லாரி வந்திருந்தால் அவர் அங்கே இருந்திருக்க மாட்டார். நானும் கடையைப் பூட்டிவிட்டு மாடிக்குப் போயிருப்பேன். எல்லோருக்கும் அப்படி ஒருவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது.